கைக்குழந்தையோட தனியா டல்லாஸ் – துபாய் – சென்னை: பாசினெட்டா, கார் சீட்டா? பம்ப், ஸ்ட்ரோலர், ஃப்ரீசர் பால் எல்லாம் என்ன பண்றது?

நெல்லைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். பங்குனி உத்திரத்துக்கு ஊர்ல சாஸ்தா கோவில்ல பாப்பாவுக்கு மொட்டை போட்டு காது குத்தணும்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க, தாய்மாமா லீவுகூட போட்டாச்சு, என்னைத்தான் கடைசியா கேட்டாங்க. அந்நேரம் அவளுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சிருக்கும். தாய்ப்பால் மட்டும்தான், பாட்டில காட்டினாலே வாயை இறுக்கி மூடிக்குவா. வீட்டுக்காரருக்கு லீவு இல்ல, அதனால நானும் அவளும் மட்டும் எமிரேட்ஸ்ல துபாய் வழியா போறோம். முதல் ஃப்ளைட்டே பதினாலு பதினஞ்சு மணி நேரம், அப்புறம் துபாய்ல காத்திருக்கணும், அப்புறம் இன்னொரு நாலு மணி நேரம். நெனச்சாலே வயித்த கலக்குது.

சந்தேகத்தையெல்லாம் மொத்தமா கொட்டிடறேன், கோவிச்சுக்காதீங்க. மடியில வச்சிட்டு பாசினெட் (முன்னாடி சுவத்துல மாட்டற குட்டித் தொட்டில்) கேக்கறதா இல்ல தனி சீட்டு வாங்கி கார் சீட்ட போடறதா, ஸ்ட்ரோலர எங்க குடுக்கறது எங்க வாங்கறது, ஃப்ரீசர்ல ரெண்டு தட்டு நிறைய பால் எடுத்து வச்சிருக்கேன் அத கொண்டு போக முடியுமா, பால் எடுக்கற பம்ப்ப கைப்பையில வைக்கலாமா, பக்கத்து சீட்ல யாராவது ஆம்பள வந்து உக்காந்தா எப்படி பால் குடுக்கறது, அத்தை வேற காதுல பஞ்சு வச்சு கூட்டிட்டு வான்னு சொல்றாங்க. தனியா போய் வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குட்டிச்சுட்டி

மொட்டைக்கு முன்கூட்டியே வாழ்த்துகள் சிஸ். தாய்ப்பால் மட்டும்னா உங்க லக்கேஜ்ல பாதி இப்பவே குறைஞ்சுது. ஃபார்முலா குடுக்கறவங்க ஃப்ளாஸ்க், பவுடர் டப்பா, பாட்டில், அத கழுவ பிரஷ்னு தூக்கிட்டு அலையணும், வெந்நீர் கேட்டு கேட்டு கேபின் க்ரூ முகத்தையே பாத்துட்டு இருக்கணும். உங்களுக்கு சட்டையில ஒரு ஜிப் போதும். ஃப்ரீசர் பால வீட்லயே விட்டுட்டு போங்க, அவ்ளோதான் என் பதில்.

நெல்லைப்பொண்ணு

விட மனசே வரல சிஸ், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு எடுத்தது அது.

மதுரைமல்லி

மனசு வராதுதான், எனக்கும் புரியுது. ஆனா யோசிங்க, ஃப்ரீசர்ல வச்ச பால் ஆறு மாசம் வரைக்கும் நல்லா இருக்கும், ஒரு வருஷம் வரைக்கும்கூட பரவால்லன்னு அமெரிக்க அரசோட சுகாதார அமைப்பு சிடிசி சொல்லுது. நீங்க போயிட்டு வந்து கஞ்சி ஆரம்பிக்கும்போது அதுல கலந்து குடுக்கலாம், எங்கயும் ஓடிப்போகாது. எடுத்துட்டுப் போனாதான் சிக்கல். ஐஸ் பேக் வச்ச கூலர் பையில 24 மணி நேரம்தான் கணக்கு, உங்க வீட்டு வாசல்ல இருந்து ஊர் வாசல் வரைக்கும் கூட்டிப் பாத்தா அதைத் தாண்டிடும், உருகினத திரும்ப உறைய வைக்கக் கூடாது. ட்ரை ஐஸ் போடலாம், ஆளுக்கு 2.5 கிலோ வரைக்கும் அமெரிக்காவுல விடறாங்க, ஆனா ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே ஓகே வாங்கணும், காத்து வெளிய போற மாதிரி பெட்டி வேணும். பாட்டிலையே தொடாத பிள்ளைக்கு இவ்ளோ பாடு எதுக்கு?

ரொம்ப நிறைய இருந்தா, ஃபோர்ட் வொர்த்துல தாய்ப்பால் வங்கி இருக்கு, பேரு மதர்ஸ் மில்க் பேங்க் ஆஃப் நார்த் டெக்சாஸ். ரத்தப் பரிசோதனையெல்லாம் பண்ணிட்டு வாங்கிப்பாங்க, குறைமாசக் குழந்தைங்களுக்குப் போகும். நம்மூருக்கும் இது புதுசு இல்ல, மும்பை சயான் ஆஸ்பத்திரியில 1989லயே தாய்ப்பால் வங்கி ஆரம்பிச்சாங்க, ஆசியாவுக்கே அதுதான் முதல்.

அதே நேரம் வழியில எடுக்கற பாலுக்கோ, எடுத்து வச்சு கொண்டுபோற கொஞ்சம் பாலுக்கோ பயப்படவே வேணாம். அமெரிக்காவுல செக்யூரிட்டியில தாய்ப்பாலுக்கு, கைப்பையில திரவம் 100 மில்லிக்கு மேல கூடாதுங்கற அந்த விதி கிடையாது. குழந்தை கூட இல்லாம தனியாப் போனாலும் கொண்டு போலாம், ஐஸ் பேக், பம்ப் எல்லாம் சேத்துதான். 2016ல இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு செக்யூரிட்டி ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கணும்னு வச்சாங்க. ஆனா நீங்களா வாயத் திறந்து முதல்லயே சொல்லணும், பை பெல்ட்ல போனதுக்கப்புறம் சொன்னா குழப்பம்தான். பால தனியா எடுத்து வெளிய வைங்க. பையில இருக்கறத விட உள்ள தெரியற பாட்டில்ல இருந்தா சீக்கிரம் முடியும். எக்ஸ்ரேல போறதால பாலுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா எக்ஸ்ரே வேணாம், மூடியத் திறக்க வேணாம்னு சொல்லலாம், அதுக்குப் பதிலா உங்கள இன்னும் கொஞ்சம் சோதிப்பாங்க. தொடறதுக்கு முன்னாடி கையுறைய மாத்துங்கன்னு கேளுங்க, கேக்க நமக்கு உரிமை இருக்கு.

யாழ்மகள்

நான் ரொறன்ரோவில இருந்து லண்டன் மாறி கொழும்புக்குப் போனனான், அதால ஒண்டு சொல்லுறன். ஆராவது லண்டன் வழியாப் போறதெண்டா கவனம். அங்க தாய்ப்பால் கைப்பையில கொண்டு போகலாம், பிள்ளை கூட இல்லாட்டியும் விடுவினம், ஒரு போத்தில் 2 லீற்றருக்கு மேல இருக்கக் கூடாது. ஆனா உறைஞ்ச பாலைக் கைப்பையில விடமாட்டினம். அமெரிக்காவில விட்டவை எண்டு நம்பி வந்து அங்க நிண்டு அழக்கூடாது. தங்கச்சி துபாய் வழியாப் போறபடியா உங்களுக்கு இது தேவையில்லை, வாசிக்கிற மற்றவைக்காகச் சொன்னனான்.

பால் குடுக்கிறதுக்கு வெக்கப்படவேண்டாம். ரெண்டாவது மணித்தியாலம் வரைக்கும்தான் பக்கத்தில இருக்கிறவை பாப்பினம், பிறகு அவை நித்திரை.

பே_ஏரியா_அப்பா

சிஸ்டர், நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லப் போறேன், இங்க யாருக்கும் பிடிக்காதுன்னு தெரியும். தனி சீட்டு வாங்குங்க, கார் சீட்ட போடுங்க. மடியில வச்சுக்க அனுமதி இருக்குங்கறது வேற, அது பத்திரமானதுங்கறது வேற. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு எஃப்ஏஏவே தெளிவா சொல்றாங்க, ரெண்டு வயசுக்கு உள்ள குழந்தைக்கு பத்திரமான இடம் அப்ரூவ் பண்ண கார் சீட்தான், அம்மா மடி இல்லன்னு. திடீர்னு விமானம் குலுங்கினா எந்த அம்மா கையாலயும் பிடிச்சுக்க முடியாது, அது பாசம் இல்ல, பிசிக்ஸ்.

1989 ஜூலைல அயோவாவுல சூ சிட்டியில ஒரு யுனைடெட் விமானம் விழுந்தது. அதுல மடியில வச்சிருந்த குழந்தைங்க நாலு பேர், ஒரு குழந்தை பிழைக்கல. அதுக்கப்புறம் விபத்து விசாரணை போர்டு, குழந்தைக்கும் தனி சீட்டு கட்டாயமாக்குங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுட்டே இருக்கு. எஃப்ஏஏ 2005ல மாட்டேன்னுடுச்சு. காரணம் என்ன தெரியுமா, டிக்கெட் வாங்கச் சொன்னா ஜனங்க காசுக்குப் பயந்து கார்லயே போயிடுவாங்க, ரோட்டுல சாகறவங்க எண்ணிக்கை அதைவிட கூடும்னு கணக்குப் போட்டாங்க. அந்தக் கணக்கு டல்லாஸ்ல இருந்து ஹூஸ்டன் போறவனுக்கு சரி, டல்லாஸ்ல இருந்து திருநெல்வேலிக்கு யாரும் கார்ல போகப் போறது இல்ல.

வாங்கறதா இருந்தா சீட் அடியில சிவப்பு எழுத்துல வண்டிக்கும் விமானத்துக்கும் சான்றளிக்கப்பட்டதுன்னு ஸ்டிக்கர் இருக்கணும். அந்த பெல்ட் மாதிரி வர்ற கேர்ஸ் ஹார்னஸ் வாங்கிடாதீங்க, அது 10 கிலோவுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்குத்தான்.

மதுரைமல்லி

ப்ரோ, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா மடிக் குழந்தைக்கு சர்வதேச டிக்கெட் பெரியவங்க கட்டணத்துல பத்து சதவீதம் பக்கம்தான் வரும், தனி சீட்டுன்னா கிட்டத்தட்ட இன்னொரு ஆள் காசு. மார்ச் மாசத்துல அது எவ்ளோன்னு தெரியும்தானே? அதுவும் இல்லாம ஒரு அம்மா தனியா ஒரு கையில பிள்ளை, ஒரு தோள்ல டயப்பர் பை, இன்னொரு கையில கார் சீட்ட தூக்கிட்டு துபாய்ல டெர்மினல் நீளத்துக்கு நடக்கணும், அத யோசிச்சீங்களா. உங்க வீட்ல போனப்ப அத தூக்கினது நீங்கதானே?

பே_ஏரியா_அப்பா

ஹாஹா, ஆமா நான்தான் தூக்கினேன். ஆனாலும் சொன்னத மாத்திக்கல.

நர்ஸ்_அக்கா

ரெண்டு பேரும் சண்டை போட்டாச்சா, இப்ப நான் கொஞ்சம் பேசறேன். குழந்தைங்க வார்டுல வேலை பாக்கறேன்மா, அதனால காது விஷயத்துல இருந்து ஆரம்பிக்கறேன்.

பஞ்சு வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. வலி வெளிக்காதுல வர்றது இல்ல, காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கு, குழந்தைக்கு அது குறுகலா இருக்கும், கேபின்ல காத்தழுத்தம் மாறும்போது அது திறந்து கொடுக்கணும். முழுங்கும்போதுதான் அது திறக்கும். அதனாலதான் பால் குடுங்க இல்ல சூப்பான் குடுங்கன்னு சொல்றது. ஏறும்போத விட இறங்கும்போதுதான் வலி ஜாஸ்தி, இத நிறைய பேர் தலைகீழா நெனச்சுட்டு டேக் ஆஃப்ல பாலையெல்லாம் குடுத்து முடிச்சுட்டு லேண்டிங்ல முழிப்பாங்க. அழுதாலும் அந்தக் குழாய் திறக்கும், அதனால அழுதா குடி மூழ்கிடாது.

இப்ப பாருங்க, இங்கதான் ரெண்டு அறிவுரையும் முட்டிக்குது. கார் சீட்ல போட்டா லேண்டிங் நேரத்துல எடுத்துப் பால் குடுக்க முடியாது. மடியில வச்சா குடுக்கலாம், ஆனா தம்பி சொன்ன ஆபத்து இருக்கு. இத யாரும் சேத்து வச்சு சொல்றதே இல்ல, ஆளாளுக்கு ஒரு பாதிய சொல்லிட்டுப் போயிடறாங்க. நான் அம்மாக்களுக்கு சொல்றது இதுதான்: இறக்கம் லேண்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிடும், திரையில உயர எண் குறைய ஆரம்பிக்கறது தெரியும், அப்பவே ஒரு பக்கம் குடுக்க ஆரம்பிங்க. கார் சீட் இருந்தா, பெல்ட் போடச் சொன்னதும் பிள்ளைய அதுல வச்சு இறுக்கிட்டு சூப்பான். மடியில இருந்தா, அவங்க குடுக்கற சின்ன பெல்ட்ட உங்க பெல்ட்ல கோத்துப் போட்டுட்டு அப்படியே இன்னொரு பக்கம் குடுக்கலாம். அமெரிக்க ஏர்லைன்கள்ல அந்த சின்ன பெல்ட் கிடையாது, அங்க விதி வேற.

தூங்கிட்டு இருந்தா எழுப்பணுமான்னு கேப்பீங்க. நான் எழுப்ப மாட்டேன். சளி பிடிச்சு மூக்கடைச்சிருந்தா மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. தூங்க வைக்கறதுக்கு சளி மருந்து குடுன்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, ரெண்டு வயசுக்குள்ள அது ஆபத்து. ஆறு மாசத்துக்குள்ள தண்ணி, கிரைப் வாட்டர், ஓம வாட்டர் எதுவும் வேணாம். கேபின் காத்து ரொம்ப வறண்டு இருக்கும், தண்ணி குடிக்க வேண்டியது நீங்க, பிள்ளைக்குப் பால இன்னும் ரெண்டு தடவை சேத்துக் குடுத்தா போதும். பயணம் தள்ளிப்போய் ஆறு மாசம் தாண்டிட்டா, கிளம்பறதுக்கு முன்னாடி தட்டம்மைக்கு எம்எம்ஆர் ஒரு டோஸ் முன்கூட்டியே போடச் சொல்லுவாங்க, அது அங்க உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

நெல்லைப்பொண்ணு

அக்கா ரொம்ப நன்றி, இத அப்படியே அத்தைக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். நர்ஸ் சொன்னாங்கன்னு சொன்னதும் பஞ்சு பேச்சு நின்னு போச்சு, இப்ப வசம்பு வளையல் பேச்சு ஓடுது.

சரி, மடிதான்னு வச்சுக்கறேன், காசு கட்டுபடியாகாது. பாசினெட் பத்தி சொல்லுங்க.

குட்டிச்சுட்டி

பாசினெட் உடனே ஃபோன் போட்டு கேட்டு வைங்க சிஸ், ஒரு ஃப்ளைட்ல கொஞ்சந்தான் இருக்கும். எமிரேட்ஸ்ல 11 கிலோ வரைக்கும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல 14 வரைக்கும் விடறாங்க, அஞ்சு மாசப் பிள்ளைக்கு எடை பிரச்சனையே இல்ல, நீளம்தான் பாத்துக்கணும், கால் முட்டும்.

ஆனா பாசினெட் மாட்டற அந்த முதல் வரிசை சீட்டப் பத்தி யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. கைப்பிடிக்குள்ளதான் சாப்பாட்டு மேசையும் டிவியும் மடிச்சு வச்சிருப்பாங்க, அதனால கைப்பிடி மேல தூக்க வராது, பெட்டி மாதிரி கெட்டியா நிக்கும். நம்ம வழக்கமா பிடிக்கற மாதிரி பிள்ளைய குறுக்கப் படுக்க வச்சு பால் குடுத்தா தலை ஒரு கைப்பிடியில இடிக்கும், கால் இன்னொன்னுல உதைக்கும், பக்கத்து ஆள் ஜூஸ் போச்சு. அதுக்கு பிள்ளையோட காலை நம்ம அக்குளுக்கு அடியில பின்னாடி விட்டுப் பிடிக்கற முறை இருக்குல்ல, அத வீட்லயே பழகிட்டுப் போங்க. சின்ன தலகாணி கேட்டு கைப்பிடி மேல வச்சுக்கோங்க. இன்னொன்னு, முன்னாடி சீட் இல்லாததால டயப்பர் பைய கால்கிட்ட வைக்க முடியாது, மேல போயிடும். நடு ராத்திரி எந்திரிச்சு மேல திறக்கறதுக்குப் பதிலா ஒரு துணிப்பையில ரெண்டு டயப்பர், துடைக்கற டிஷ்யூ, ஒரு செட் துணி, ஒரு ஜிப் கவர் போட்டு கைகிட்டயே வைங்க. உங்களுக்கும் ஒரு டாப்ஸ்! பிள்ளைக்கு நாலு செட் எடுத்துட்டு தனக்கு ஒண்ணும் எடுக்காத அம்மாதான் நம்மள்ல பாதி பேர்.

பெல்ட் விளக்கு எரிஞ்சா பாசினெட்ல இருந்து பிள்ளைய தூக்கணும், அப்பத்தான் கண்ண மூடியிருப்பா. அத நெனச்சு நெனச்சு பல்லக் கடிக்கறதுக்கு தயாரா இருங்க.

கோவைக்காரி

பால் குடுக்கறது பத்தி நானுங்க சொல்றேன். அந்த முதல் வரிசைக்கு முன்னாடிதான் பாத்ரூமுக்கு ஆளுங்க வரிசையா நிப்பாங்க, கை கால் நீட்டி எக்சர்சைஸ் வேற. முகத்துக்கு நேரா நிக்கறவங்களுக்கு முன்னாடி கூச்சமாத்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் கெடைச்சா வாங்கிக்கோங்க, ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்தா பாதி மறைவு. பக்கத்துல ஆம்பள வந்தா க்ரூகிட்ட மெதுவா சொல்லுங்க, காலி இருந்தா மாத்தி விடுவாங்க, சில பேர் தானாவே எந்திரிச்சுப் போயிடுவாங்க. அந்த கழுத்துல மாட்டற நர்சிங் கவர் எம்புள்ளைக்கு ஆகவே ஆகல, உள்ள வேர்த்து அத இழுத்து இழுத்து ஊருக்கே காட்டிக் குடுத்துருவா. காட்டன் துப்பட்டா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஜிப் வச்ச ஃபீடிங் குர்தி, அவ்ளோதான். ஃபீடிங் நைட்டி போட்டு மேல ஒரு நீள ஷ்ரக் போட்டும் போலாம், யாருக்கும் தெரியாது, நான் போயிருக்கேனுங்க.

பாத்ரூம்ல போய் குடுங்கன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லுங்க. நம்ம சாப்பாட்ட நம்ம கக்கூஸ்ல வச்சா சாப்பிடறோம்?

யாழ்மகள்

சரியாச் சொன்னீங்கள் அக்கா.

நெல்லைப்பொண்ணு

கோவை அக்கா சூப்பர். ஸ்ட்ரோலர்?

சிங்கைச்செல்வி

ஸ்ட்ரோலர் என் சப்ஜெக்ட். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மடிச்சா கேபின் பெட்டி அளவுக்கு சின்னதாகற வண்டி. யோயோ மாதிரி, மடிச்சா 52க்கு 44க்கு 18 செமீ தான் வரும், நம்மூர்ல ஆர் ஃபார் ராபிட் பாக்கெட் வண்டியும் அப்படித்தான். மேல வைக்க விடுவாங்களான்னா அன்னைக்கு இடம் இருக்கறத பொறுத்து. இன்னொன்னு, சாதா வண்டிய கேட் வரைக்கும் தள்ளிட்டுப் போய் அங்க குடுக்கறது.

கேட்ல குடுக்கும்போது கட்டற டேக்ல எந்த ஏர்போர்ட்னு கண்ணால பாருங்க. நடுவுல இறங்கற ஊர்ல தருவாங்கன்னு எல்லாரும் நெனச்சுக்கறோம், ஆனா நெறைய தடவை அது கடைசி ஊருக்குத்தான் போகும். எனக்கு ஒரு ஏர்லைன்ல வண்டி வரும் வரும்னு ஏரோபிரிட்ஜ்லயே நிக்க வச்சு, அடுத்த ஃப்ளைட்டுக்கு ஓட வச்சாங்க, வண்டி கடைசியா வீட்டு ஊர்ல ஒரு சக்கரம் வளைஞ்சு வந்துச்சு. அதனால டேக்ல சென்னைன்னு இருந்தா துபாய்ல காத்து நிக்காதீங்க, அங்க ட்ரான்சிட்ல போறவங்களுக்கு இலவசமா ஸ்ட்ரோலர் வச்சிருக்காங்க, கேட்டு வாங்குங்க. எங்க சாங்கியிலயும் உண்டு. வண்டிய குடுக்கறதுக்கு முன்னாடி கப் ஹோல்டர், கொக்கி, தொங்க விட்ட பொம்மை எல்லாம் கழட்டிடுங்க, ஒரு பையில போட்டுக் கட்டுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, உடைஞ்சா பேச்சுக்கு ஆதாரம்.

எது எப்படி இருந்தாலும் உடம்போட கட்டற பேபி கேரியர் இல்லாம தனியாப் போகாதீங்க. ரெண்டு கையும் ஃப்ரீயா இருந்தாதான் பாஸ்போர்ட் எடுக்கவே முடியும். டேக் ஆஃப், லேண்டிங்ல மட்டும் அதுல இருந்து வெளிய எடுக்கச் சொல்லுவாங்க.

நெல்லைப்பொண்ணு

அப்ப கார் சீட்? ஏர்போர்ட்ல இருந்து ஊருக்கு கார்லதான் போறோம், பத்து மணி நேரம் ஆகும்.

பே_ஏரியா_அப்பா

கார் சீட்ட லக்கேஜ்ல போடுங்க, ஒரு பெரிய பைக்குள்ள, சுத்தி டயப்பர் பாக்கெட்ட திணிச்சு. டயப்பரும் போய்ச் சேரும், சீட்டும் அடி படாது. மடிக் குழந்தைக்கு எத்தன பெட்டி, எத்தன கிலோன்னு உங்க டிக்கெட்லயே இருக்கும், கார் சீட் அதுல சேருமா தனியான்னு அப்பவே கேட்டுக்கோங்க.

அங்க போய் வாங்கிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. இந்தியாவுல விக்கறது ஐரோப்பா தரத்துல வர்ற சீட், அத திரும்பி இங்க கொண்டு வந்தா அமெரிக்க கார்ல போட சட்டப்படி செல்லாது, இங்க வேற தரம். திரும்பி வந்து டல்லாஸ் ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்குப் போகவே இங்கத்த சீட் வேணும்.

கோவைக்காரி

அது சரிங்க, ஆனா ஊர்ல கார் சீட்ட மாட்டறது ஒரு பெரிய கூத்து. டாக்ஸியில பின் சீட்டுக்கு கவர் தச்சுப் போட்டு பெல்ட் கொக்கி எல்லாம் உள்ள அமுங்கிக் கெடக்கும். டிரைவர் அண்ணன் அந்த கவருக்குள்ள கைய விட்டு தேடித் தேடி, ஒரு சீப்பு, ரெண்டு ரூவா காசு எல்லாம் எடுத்துட்டு கடைசியில கொக்கிய எடுத்தாரு. வண்டி புக் பண்ணும்போதே பின்னாடி பெல்ட் வேலை செய்யணும்னு சொல்லிருங்க. மடியில வச்சுக்கம்மா நாங்கெல்லாம் வளரலையான்னு யாராச்சும் ஆரம்பிச்சா, 2019ல மாத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி பிரிவுப்படி பதினாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைய பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம உக்கார வச்சா டிரைவருக்கு ஆயிரம் ரூவா அபராதம்னு சொல்லுங்க. பிள்ளை பத்திரம்னு சொன்னா கேக்க மாட்டாங்க, ஆயிரம் ரூவான்னா உடனே கேப்பாங்க.

வழியில பால் குடுக்கணும்னா பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறை இருக்கு, 2015ல ஜெயலலிதா தமிழ்நாடு பூரா தொறந்து வச்சது. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சுத்தமா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல பெரிய ஏர்போர்ட் எல்லாத்துலயும் செக்யூரிட்டிக்கு உள்ள அம்மாக்களுக்கு தனி ரூம் வைக்கணும்னு 2018ல சட்டமே போட்டிருக்காங்க, டல்லாஸ்ல ஏறறதுக்கு முன்னாடி நிம்மதியா குடுத்துட்டு ஏறுங்க.

திரும்பி வரும்போது சென்னையில சர்வதேச டெர்மினல் இப்ப புதுசு, டி2, 2023ல தொறந்தது. செக்யூரிட்டியில லேடீஸுக்கு தனியா திரை போட்ட இடம் இருக்கும்ல, அங்க பிள்ளையோட உள்ள போவீங்க. கேரியர் கொக்கி கீ கீன்னு கத்தும், அத கழட்டி பெல்ட்ல போடச் சொல்லுவாங்க, ஸ்ட்ரோலரையும் மடிச்சு எக்ஸ்ரேல போடணும். சிஐஎஸ்எஃப் அம்மாக்கள் முக்கால்வாசி பேரு பிள்ளைய பாத்ததும் கொஞ்சுவாங்க. அந்த ஒரு நிமிஷம் பிள்ளைய அவங்ககிட்ட காட்டிட்டே நீங்க வேலைய முடிச்சுக்கோங்க.

மதுரைமல்லி

பேப்பர் விஷயம் யாரும் சொல்லல. பாப்பா அங்க பொறந்தவன்னா அமெரிக்க பாஸ்போர்ட், அதோட ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகனா இருக்கற இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்கற கார்டு) இல்ல விசா, இத முதல்ல முடிங்க, டிக்கெட் எல்லாம் அப்புறம். அப்பா கூட வரலங்கறதால அவர் சம்மதம்னு நோட்டரி போட்ட கடிதம் ஒண்ணு வச்சுக்கோங்க, யாரும் கேக்காமலும் போகலாம், கேட்டா கையில இருக்கும். பர்த் சர்டிஃபிகேட் காப்பியும்.

நெல்லைப்பொண்ணு

ஓசிஐ வந்துடுச்சு அக்கா, அது மட்டும்தான் இதுவரைக்கும் முடிஞ்ச வேலை. கடிதம் இந்த வாரமே போட்டுடறேன். கடைசியா பம்ப். அவதான் நேரா குடிக்கறாளே, பம்ப் தேவையா?

நர்ஸ்_அக்கா

தேவைம்மா. விமான சத்தத்துல சில பிள்ளைங்க அஞ்சு ஆறு மணி நேரம் அசையாம தூங்கும், இல்லன்னா வேடிக்கை பாத்துட்டு சரியா குடிக்காது. உங்களுக்குத்தான் பால் கட்டிக்கிட்டு கல்லு மாதிரி ஆயிடும், ஊர் போய் இறங்கும்போது குளிர் காய்ச்சலோட இறங்குவீங்க. பெரிய பம்ப் வேணாம், கையால அமுக்கற சின்ன பம்ப் போதும், சத்தமும் இல்ல சார்ஜும் வேணாம். எடுத்த பால் சாதாரண சூட்டுல நாலு மணி நேரம் தாங்கும். க்ரூகிட்ட ஐஸ் கேட்டா ஒரு கவர்ல போட்டுத் தருவாங்க, அவங்க ஃப்ரிட்ஜுல வைங்கன்னு கேட்டா பெரும்பாலும் மாட்டாங்க. பாட்டில விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, மேல போனா உள்ள காத்து விரியும், மூடியத் திறந்தா உங்க மேலதான்.

பே_ஏரியா_அப்பா

கரண்ட் பம்ப்பும் எடுத்துட்டுப் போறதா இருந்தா ரெண்டு விஷயம். எமிரேட்ஸ்ல 2025 அக்டோபர்ல இருந்து பவர் பேங்க் விமானத்துக்குள்ள யூஸ் பண்ணவே விடறது இல்ல, 100 வாட் ஹவர்ஸுக்குள்ள ஒண்ணு கையில கொண்டு போலாம், அவ்ளோதான். அதனால பவர் பேங்க்ல ஓட்டிக்கலாம்னு நம்பிடாதீங்க, பேட்டரிய ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு ஏறுங்க. பம்ப்ப லக்கேஜ்ல போடாம கையிலயே வைங்க.

ரெண்டாவது, ஊர்ல போய் ப்ளக்ல மாட்டறதுக்கு முன்னாடி அடாப்டர்ல பொடி எழுத்த படிங்க. 100–240 வோல்ட்னு இருந்தா சின்ன பின் மாத்தி மட்டும் போதும், வேலை செய்யும். உங்க பாட்டில் வார்மர், ஸ்டெரிலைசர் எல்லாம் 120 மட்டும்னு இருக்கும், நம்மூர் 230ல சொருகின உடனே புகைதான், அதுங்கள எடுத்துட்டே போகாதீங்க. இட்லிப் பானை இருக்கு, ஆவியில வச்சு எடுத்தா ஆச்சு.

குட்டிச்சுட்டி

பம்ப்போட அந்த சின்ன வெள்ளை ரப்பர் வால்வு எக்ஸ்ட்ரா ரெண்டு எடுத்து வைங்க சிஸ். அது கிழிஞ்சா இழுவையே இருக்காது, அமெரிக்க மாடலுக்கு திருநெல்வேலியில கெடைக்காது, ஆர்டர் போட்டு வர்றதுக்குள்ள மொட்டையே முடிஞ்சிடும்.